அம்மாவுக்கு மட்டும் மழைத் தண்ணீர்

எங்கள் அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். செருப்பைத் தைக்கக் கொடுத்தால்கூடப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். ரயில்வே ஷெட்டில் பெயின்டர் வேலை. மற்றவர்கள் ஒரு கோட்டிங் அடிக்கிற இடத்தில் அவர் இரண்டு அடிப்பார். இரண்டாவது காயும்வரை அந்தப் பெட்டிப் பக்கம் யாரையும் அண்டவிடமாட்டார் என்று அவருடைய சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். அப்பா கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எனக்கு ஒரு தம்பி இருந்திருப்பான். அவரைக் குறை சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. நடந்தது அப்படி.

அறுபதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில் சீமை ஓடு வேய்ந்த சின்ன வீட்டில் இருந்தோம். பின்னால் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், காய்ந்த சட்டை அப்பளம் மாதிரி விறைத்து நிற்பதை வேடிக்கை பார்க்கலாம். குடிக்க மட்டும் முடியாது. அப்படி ஓர் உப்பு. அதில் பருப்பைப் போட்டால் விறகுதான் தீருமே தவிர பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக அம்மாதான் தினமும் போய்வருவாள்.

எனக்குப் பிறகு அம்மா இரண்டு தடவை உண்டானாள். இரண்டு தடவையும் தங்கவில்லை. குடம் தூக்கியதால்தான் என்று தெருவே சொன்னது. அம்மாவும் அதையே நம்பினாள். அதனால் மூன்றாவது தடவை உண்டானது தெரிந்த அன்றே, அப்பா அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிச் சமையலறை மூலையில் கவிழ்த்து வைத்தார்.

"இனிமே நீ ஒரு சொட்டுத் தண்ணி தூக்கக் கூடாது. இந்தப் புள்ளய நான் உடமாட்டேன்" என்றார்.

கொஞ்ச நாள் அவரே போய்த் தூக்கிவந்தார். ஷிப்ட் மாறும்போதெல்லாம் அது தவறியது. அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியதை யாரோ பார்த்து அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டில் ஒரே சண்டை. சண்டை ஓய்ந்ததும் அப்பா வாசலுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆடி பிறந்திருந்தது. சாயங்காலமானால் இடியும் மழையுமாக வந்து, ஓட்டிலிருந்து கொட்டித் தரையைக் குழி பறித்துவிட்டு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. உப்பில்லாத தண்ணீர் தலைக்கு மேலேயே இருக்கும்போது எதற்காக ரோட்டைத் தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கூரை ஓரமாக நீளத் தகரத்தில் ஒரு கால்வாய். அதன் கடைசியில் ஒரு குழாய். குழாயின் கீழே மூடி போட்ட இரும்புப் பீப்பாய். இதுதான் திட்டம். அப்பா அதைக் கட்டர் என்றார். மாமாவுக்கு அது தகரக் காவா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பல்லாவரத்தில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரக் கத்திரியும் மரச்சுத்தியும் உள்ள பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குதித்துக் குதித்து வருவார். அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்பதில் அப்பாவைவிட அவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று என்னிடம் பந்தயம் கட்டுவார். நான் தம்பி என்பேன். அவர் உடனே தானும் தம்பி என்பார். அப்புறம் என்ன பந்தயம்?

ஜி.ஐ. தகட்டை முற்றத்தில் விரித்து, சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டார்கள். மாமா கத்திரியை வைத்து வெட்டினால் தகரம் துணி மாதிரி பிரிந்து வரும். வெட்டிய பட்டைகளை ஒரு கட்டையின் மேல் வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தார். கை கிழிக்காமல் இருக்க ஓரத்தில் கம்பி வைத்து மடித்தார். நான் தகரம் நகராமல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பல்லெல்லாம் அதிரும். அது எனக்குப் பிடித்திருந்தது.

"மேல் துண்டு உள்ளாற போவணும் மாமா, கீழ்த் துண்டு வெளிய இருக்கணும். மாத்தி வச்சீங்கன்னா ஜாயின்ட்டு ஜாயின்ட்டா ஒழுகினு இருக்கும்" என்றார் மாமா. அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கே சொல்றியா மச்சான்?"

"சொல்லாட்டி நீங்க கேக்கவா போறீங்க?"

கூரையைத் தாங்கும் கைமரங்களில் இரும்புக் கொக்கிகளை அடித்து அதன்மேல் கால்வாயை ஏற்றினார்கள். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அப்பா ஏணியில் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் பீப்பாய்ப் பக்கம் போகவில்லை. எதிர்த் திசையில் கிடுகிடுவென்று ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டியது. அங்கே பக்கத்து வீட்டு டீச்சரம்மா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து வேலிப் படலைத் திறந்துகொண்டிருந்தார். கையில் வேதப் புத்தகம், தலையெல்லாம் தண்ணீர்.

"எனக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிடுச்சுங்க" என்றார் டீச்சரம்மா.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குத்தான் முகம் செத்துவிட்டது. அத்தனை கொக்கிகளையும் பிடுங்கி, நூல் கட்டிப் பார்த்து, மறுபடி அடித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

மாமாவைப் பொறுத்தவரை அதோடு வேலை முடிந்துவிட்டது. ஜி.ஐ. தகடு லேசில் துருப்பிடிக்காது, பெயின்ட் தண்டச் செலவு என்று சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்பாரா? ஷெட்டில் போகிகளுக்குத் துருப்பிடிக்காமல் அடிக்கிற ஆரஞ்சு நிற ரெட் லெட் பெயின்ட்தான் வேண்டும் என்றார். இரும்புக்கு அதைவிட மருந்தே கிடையாது என்பது அவருடைய கட்சி. ஷெட்டுச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் இல்லை அவர். மதராஸுக்கு ரயிலேறிப் போய்த் தன் காசிலேயே வாங்கிவந்தார். கால்வாயின் வெளிப்பக்கம் அடித்தார். தண்ணீர் ஓடுவது உள்பக்கம்தானே, அங்கேதான் முதலில் துரு ஏறும் என்று உள்பக்கமும் அடித்தார். பீப்பாய்க்குள் தலைகீழாக இறங்கி, அதன் உட்புறம் முழுக்க அடித்தார். எல்லாம் இரண்டிரண்டு கோட்டிங்.

அந்தப் பெயின்ட் நல்லதில்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஷெட்டில் பெயின்ட் அடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும் தின்பார்கள். உள்ளே போன பெயின்ட் மருந்தை அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு வழக்கம். அன்று சாயங்காலம் எனக்கும் மாமாவுக்கும்கூட வெல்லம் கொடுத்தார். அம்மாவை அன்றைக்கு முழுவதும் கொல்லைப் பக்கமே வரவிடவில்லை. பெயின்ட் வாடை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றார். ஆனால் ஈரப் பெயின்ட்தான் கெடுதல், காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்பது அவர்கள் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டார். இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனிதன் எப்படி இருக்க முடியும்?

முதல் மழையை ஓடு கழுவட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்தார். தகரத்தில் தண்ணீர் தடதடவென்று ஓடி வந்து பீப்பாயில் விழும் சத்தம் கேட்டு நாங்கள் மூன்று பேரும் கொல்லைக் கதவருகே நின்றோம். காலையில் துணியில் வடிகட்டி முதல் டம்ளரை அப்பா அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரே மூச்சில் குடித்தாள்.

"கல்கண்டு கரைச்சாப்ல கீதுங்க" என்றாள்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீர் அம்மாவுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார். பீப்பாய் மூடிக்குப் பூட்டு. வீட்டுச் சமையலுக்கும் எனக்கும் அவருக்கும் தோட்டத்துக் கிணற்றிலிருந்து முடிந்தபோது அவர் சுமந்துவருகிற தண்ணீர். அது போதாத நாளில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தோம். எனக்கு அழுகையாக வரும். பிறக்காத பிள்ளைக்குக் கல்கண்டுத் தண்ணீர், பிறந்து மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு உப்புத் தண்ணீரா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஒரு தடவை டீச்சரம்மா இருமலுக்கு வெந்நீர் வைக்க ஒரு செம்பு மழைத் தண்ணீர் கேட்டு வேலியருகே வந்தார். அப்பா முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தண்ணீரைக்கூடப் பூட்டி வைக்கிற மனுஷன் என்று டீச்சரம்மா அப்புறம் எங்களோடு சரியாகப் பேசவே இல்லை. அப்பாவின் கருமித்தனம்தான் டீச்சரம்மாவைக் காப்பாற்றியது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் பீப்பாய் நிறைந்து வழிந்தது. அம்மாவுக்கு வயிறு பெரிதாகப் பெரிதாக முகம் வெளுத்துக்கொண்டே போனது. வயிற்றைப் பிழிகிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். மலச்சிக்கல். சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, உடம்புச் சூடுதான், நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாள். நல்ல தண்ணீருக்கு எங்கள் வீட்டில் என்ன குறை? அப்பா மணிக்கொரு தரம் டம்ளரோடு போய் நின்றார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினால், கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார்.

மார்கழியில் நாள் வருமுன்னே வலி வந்தது. தம்பிதான். நானும் மாமாவும் பந்தயத்தில் ஜெயித்தோம். அவன் அழவில்லை. அப்பாவும் மாமாவும் ஒரு வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். என்னை முகம் பார்க்க விடவில்லை. டீச்சரம்மா கோபத்தை மறந்து வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். அப்பா மட்டும் அழவில்லை. திரும்பி வந்ததும் பீப்பாயைத் திறந்து தண்ணீர் மொண்டு அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டினார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொங்கலுக்குப் பிறகும் அம்மா தேறவில்லை. தோசைத் திருப்பியைப் பிடித்தால் மணிக்கட்டு தொங்கியது. விரல்களைத் தூக்க முடியவில்லை. பயந்துபோய் அப்பா ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன்.

வயதான டாக்டர். அம்மாவின் உதட்டை விலக்கி டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். ரத்தம் எடுக்க வேண்டும் என்று நர்ஸோடு அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை?"

"பெயின்டர் சார்."

"ஈறு ஓரத்துல இந்த மாதிரி நீலக் கோடு பெயின்டருங்களுக்குப் பார்த்திருக்கேன். வீட்ல இருக்கற பொம்பளைக்குப் பார்த்ததில்ல. ரசம் எதுல வைக்கிறாங்க, ஈயச் சொம்பா?"

"ஆமா சார். என் மச்சான் காஞ்சிபுரத்துலேருந்து வாங்கியாந்தது."

"காரீயம் கலந்த கலப்பட ஈயமா இருந்தா அதுவும் கெடுதல்தான். ஆனா அந்த ரசத்த நீங்க எல்லாருமே சாப்பிடறீங்களே. அவங்களுக்கு மட்டும்னு தனியா ஏதாவது உண்டா? சாப்பிடறது, குடிக்கறது?"

"மழைத் தண்ணி சார்."

டாக்டர் கேட்கக் கேட்க அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தகரம், வாட்டம், பீப்பாய், இரண்டு கோட்டிங். நல்ல வேலை செய்தவன் சொல்கிற மாதிரிதான் ஆரம்பித்தார். போகப்போகக் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அப்பாவுக்கு ஷெட்டில் பழகிய இங்கிலீஷ் புரியும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் அப்பா, "காய வச்சேனே சார், ஒரு வாரம் காய வச்சேனே" என்று மட்டும் தமிழில் சொன்னார்.

டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்று எனக்குத் தெரியும். அந்த ஆரஞ்சுப் பெயின்ட் முழுக்கக் காரீயம். காய்ந்தாலும் அது மழைத் தண்ணீரில் இறங்கும், மாதக்கணக்கில் பீப்பாயில் நிற்கிற தண்ணீரில் இன்னும் அதிகமாக இறங்கும், தாயின் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் போய்ச் சேரும். கல்லூரியில் ரசாயனம் படித்தபோது ஒரு மத்தியானம் இது எனக்குப் புரிந்தது. அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. எட்டு வயதில் அந்த அறையில் பேசிய பேச்சில் எனக்குப் புரிந்த ஒரே சாமான் ஈயச் சொம்புதான்.

அம்மா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னா சொன்னாருங்க டாக்டரு?"

அப்பா அந்தப் பஞ்சை வாங்கித் தானே அழுத்திப் பிடித்தார். பிறகு, "அந்த ஈயச் சொம்புதானாம். கலப்படமாம்" என்றார்.

அம்மா நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, டாக்டர் சொம்புன்னுதான் கேட்டார்" என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

அந்தச் சொம்பு அம்மாவின் தலைதீபாவளிக்கு மாமா வாங்கித் தந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே சமையலறைக்குப் போனாள். விரல்களால் பிடிக்க முடியாததால் சொம்பை இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் அணைத்து எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா அக்காவுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

"நீ வாங்கியாந்த சொம்புதான்டா என் புள்ளயத் தின்னுச்சு. இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத" என்று கத்தினாள்.

மாமா ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, சொம்பில் கலப்படம் இருந்ததாம் என்று சொன்னார். மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல கடையிலதான் மாமா வாங்கினேன். கடைக்காரன் சத்தியம் பண்ணான் மாமா."

"போனது போச்சு. உடு மச்சான்" என்றார் அப்பா.

மாமா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவ்வளவு பெரிய பாவத்தை மன்னித்துவிட்டாரே என்று நினைத்திருப்பார். பையை வைத்துவிட்டு எழுந்து போனவர் அப்புறம் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. அக்காவும் தம்பியும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

மாமா போன பிறகு அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பீப்பாயைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையெல்லாம் மண்ணில் ஓடவிட்டார். மேலே ஏறிக் கொக்கிகளைப் பிடுங்கினார். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் தகரம் சரிந்து விழுந்தது. ஆரஞ்சு நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. எங்கும் துளித் துரு இல்லை. அப்பா கீழே உட்கார்ந்து அதை மாமா விட்டுப்போயிருந்த தகரக் கத்திரியால் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தார். கையெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அத ஏங்க வெட்டறீங்க? அது இன்னா பண்ணுச்சு? நல்லாத்தானே கீது, அடுத்த மழைக்கு ஆவுமே."

அப்பா அடுத்த துண்டை இழுத்துக் கத்திரியை வைத்தார். அம்மா மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்குகிற கையால் கத்திரியைத் தள்ளிவிட்டாள். புறங்கையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வூட்டு சாமான் பண்ண பாவத்துக்கு நீங்க ஏன் இப்டி ஒடஞ்சி போறீங்க? எனக்காக எவ்ளோ பண்ணீங்க. என்ன மன்னிச்சிடுங்க" என்றாள்.

அப்பா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஓவென்று அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக இன்றைக்காவது தம்பிக்காக அழுகிறாரே என்று எனக்கு அப்பாவின் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.